ராத்திரி டைம்லாப்ஸும் சென்சர் சூடும்: நாய்ஸை எப்போ கழிக்கணும்

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ராமநாதபுரம் கடற்கரையில ராத்திரி வானம் எடுக்கறவங்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது, ஏன்னா விசைப்படகு லைட்டு இல்லாம தெக்கு அடிவானம் கருகருன்னு கிடக்கும், நாட்டுப்படகு மட்டும் அங்கொண்ணு இங்கொண்ணு போகும், அதோட மே நடுவுல பால்வீதியோட மையப்பகுதி ராத்திரி ஒன்பது மணி வாக்குல தென்கிழக்குல எழும்பி ரெண்டு ரெண்டரைக்கு தெக்கு வானத்துல 50 டிகிரி உயரத்துக்கு மேல வந்து நிக்கும். தனுஷ்கோடி பக்கம் இருட்டுனப்புறம் விடமாட்டாங்க, ஆனா வாலிநோக்கம் மாதிரி மன்னார் வளைகுடா பக்கத்து ஊர்ல தெக்கு பாத்து ட்ரைபாட் போட்டா முன்னாடி வெறும் கடல்தான், தென்மேற்கு மூலையில மட்டும் தூத்துக்குடி வெளிச்சம் இருக்கும்.

சிக்கல் என்னன்னா இதே ரெண்டு மாசம்தான் சூடும் உச்சம். நடுராத்திரியில கூட காத்து 28 டிகிரி வாக்குல நிக்கும், கேமரா பாடிக்குள்ள அதைவிட கூட. வானம் நல்லா இருட்டா இருக்கற நேரத்துலயே சென்சர் மோசமான நிலைமையில இருக்கு, அதனால கொடைக்கானல்ல ஒருத்தர் செட்டிங் சொல்லிக் குடுத்தா அதை அப்படியே இங்க எடுத்துட்டு வந்து போட முடியாது. ஏன்னு புரிய சென்சருக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம்.

சென்சர்ங்கறது சிலிக்கான். ஒளித்துகள் வந்து சிலிக்கான்ல மோதுச்சுன்னா ஒரு எலக்ட்ரான் கழண்டு வரும், பிக்சல் அதை சேத்து வச்சுக்கும், ஷட்டர் மூடுனதும் எவ்வளவு சேந்துச்சுன்னு எண்ணும். ஆனா எலக்ட்ரானை கழட்ட ஒளிதான் வேணும்னு இல்ல, சூடும் கழட்டும், ரெண்டுக்கும் வித்தியாசம் பிக்சலுக்கு தெரியாது. சூட்டுல வர்ற இந்த எலக்ட்ரான் ஓட்டத்துக்கு டார்க் கரன்ட்னு பேரு, லென்ஸை மூடி வச்சாலும் வந்துட்டேதான் இருக்கும். சென்சரோட சூடு ஆறேழு டிகிரி ஏறுனா இது ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். 10 டிகிரி குளிர்ல எடுக்கற ஆளையும் 28 டிகிரியில வாலிநோக்கத்துல எடுக்கற ஆளையும் வச்சு கணக்கு போட்டா, ஒரே கேமரா, ஒரே எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கற நேரம்), நமக்கு ஆறுல இருந்து எட்டு மடங்கு கூட. பெரிய வானியல் ஆய்வகங்கள்ல சென்சரை திரவ நைட்ரஜன் வச்சு பூஜ்யத்துக்கு கீழ நூறு டிகிரி பக்கமா குளிர வைக்கறது இதுக்காகத்தான்.

இந்த டார்க் கரன்ட் எல்லா பிக்சல்லயும் ஒரே அளவு வந்தா பெரிய தொல்லை இல்ல, ஆனா சில பிக்சல்ல சிலிக்கான் படிகத்துலயே சின்ன குறை இருக்கும், அது மத்ததை விட பல மடங்கு கசியும். அதுதான் ஹாட் பிக்சல். சென்சர் மேல ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு ஏதாவது ஒரு ஃபில்டர் இருக்கறதால, கசியற பிக்சல் தன்னோட ஃபில்டர் கலர்லயே பளிச்சுனு நிக்கும். தனி போட்டோவுல இதை நட்சத்திரம்னு நெனச்சு விட்டுடலாம், டைம்லாப்ஸ்ல, அதாவது வரிசையா எடுத்த போட்டோக்களை வீடியோவா ஓட்டறதுல, முடியாது: வானம் முழுக்க நகர்ந்துட்டே இருக்க இது மட்டும் ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்கும், கண்ணு நேரா அங்கதான் போகும்.

படத்துல வேண்டாம வர்ற இந்த மாதிரி புள்ளிகளைத்தான் நாய்ஸ்னு சொல்றோம். இதுல நல்ல விஷயம், இந்த நாய்ஸ் திரும்பத் திரும்ப அதே இடத்துல அதே அளவுல வரும். அப்படின்னா கழிச்சிடலாம். கேமரா மெனுவுல இருக்கற லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் செய்யறது இதைத்தான். 25 செகண்ட் போட்டோ எடுத்து முடிச்சதும், ஷட்டரை மூடிக்கிட்டு இன்னொரு 25 செகண்ட் இருட்டையே எடுக்கும், அதுல வெறும் சூடு மட்டும்தான் பதிவாகும், அந்த டார்க் ஃப்ரேமை முதல் போட்டோவுல இருந்து கழிச்சு கார்டுல எழுதும். மீன் ஏலத்துல கூடையோட சேத்து எடை போட்டுட்டு வெறும் கூடை எடையை கழிக்கறாங்கல்ல, அதே கணக்குதான். காஞ்ச கூடையை எடை போட்டு வச்சுக்கிட்டு ஈரக்கூடையில வந்த மீனுக்கு கழிச்சா கணக்கு தப்பும், அது மாதிரி டார்க் ஃப்ரேமும் அதே சூடு, அதே ஐஎஸ்ஓ (சென்சர்ல வந்ததை எத்தனை மடங்கு பெருக்கணும்ங்கற செட்டிங்), அதே எக்ஸ்போஷர் நேரத்துல எடுத்ததா இருக்கணும். கேமரா உடனே எடுக்கறதால இது மூணும் தானா பொருந்திடும், அந்த வகையில அருமையான வசதி.

டைம்லாப்ஸுக்கு மட்டும் இதை ஆஃப் பண்ணிடுங்கன்னு நான் அடிச்சு சொல்றேன். நேரக் கணக்கு பாருங்க. 25 செகண்ட் எக்ஸ்போஷர், ஃப்ரேமுக்கு நடுவுல 2 செகண்ட் இடைவெளி, மொத்தம் 27 செகண்ட், 25 ஃப்ரேம் வேகத்துல 10 செகண்ட் வீடியோவுக்கு 250 ஃப்ரேம் வேணும், ஆக ஒரு மணி 52 நிமிஷத்துல வேலை முடியும். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன்ல இருந்தா ஒரு ஃப்ரேமுக்கு 52 செகண்ட், மூணு மணி 36 நிமிஷம் ஆகும், அதுல பாதி நேரம் கேமரா கண்ணை மூடிட்டு இருந்திருக்கும். இன்டர்வெலை மாத்தாம 27லயே விட்டா இன்னும் மோசம், கேமரா பிசியா இருக்கறதால ஒண்ணு விட்டு ஒரு ஷாட்டை தவறவிடும். வானம் ஒரு செகண்டுக்கு 15 விகலை (ஒரு விகலைன்னா டிகிரியில 3600ல ஒரு பங்கு) நகருது, 27 செகண்டுன்னா நிலாவோட அகலத்துல கால்வாசி கிட்ட, 52 செகண்டுன்னா பாதி கிட்ட, வீடியோவுல நட்சத்திரம் வழுக்கிட்டு போகாம தாவித் தாவிப் போகும். அதே ஃப்ரேம்களை அடுக்கி ஸ்டார் ட்ரெயில் (நட்சத்திரம் போன பாதை கோடா தெரியற படம்) செய்யலாம்னு பாத்தா கோடு முழுக்க விட்டு விட்டு புள்ளி வச்ச மாதிரி வரும்.

அடுத்த காரணத்தை பேசறவங்க கம்மி. டார்க் ஃப்ரேம்லயும் தாறுமாறா வர்ற ஏத்த இறக்கம் இருக்கு, சூட்டுல வர்ற எலக்ட்ரான் சராசரியா 100னா ஒவ்வொரு தடவையும் சரியா 100 வராது, ஒரு தடவை 92, ஒரு தடவை 109, பொதுவா வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 10 கூட குறைய ஆடும். ஒரே ஒரு டார்க்கை கழிச்சா நிலையா இருக்கற பகுதி போயிடும், ஆனா ரெண்டு ஃப்ரேமோட ஆட்டமும் சேந்து, இருட்டுப் பகுதியில அந்த ஆட்டம் 1.41 மடங்காகும். அதுவே 16 டார்க் எடுத்து சராசரி போட்டு, அந்த மாஸ்டர் டார்க்கை கழிச்சா கூடுதல் ஆட்டம் 3 சதவீதம்தான். கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு டார்க்னு ராத்திரியில பாதியை தின்னுட்டு குடுக்கறதை விட, கடைசியில ஒரு ஏழெட்டு நிமிஷம் செலவழிச்சு நாமளே எடுக்கற 16 டார்க் சுத்தமான பலன் குடுக்கும்.

எடுக்கற முறை: டைம்லாப்ஸ் முடிஞ்ச கையோட, கேமராவை ஆஃப் பண்ணாம, ட்ரைபாட்ல இருந்து கழட்டாம லென்ஸ் கேப்பை மாட்டி, வ்யூஃபைண்டர் வழியா டார்ச் வெளிச்சம் போகாம மூடி, அதே இன்டர்வெல்லயே எடுக்க விடணும். வீட்டுக்கு வந்து ஃபேன் காத்துல எடுக்கலாம்னு தள்ளிப்போடக்கூடாது, சூடு மாறிடும். அதே போல ஆரம்பத்துல முதல் இருபது முப்பது நிமிஷம் சென்சர் சூடேறிட்டே போகும், அப்புறம்தான் ஒரு நிலைக்கு வரும், அதனால நம்பகமான டார்க் கடைசியில எடுக்கறதுதான். கேனான் கேமராவா இருந்தா ஃபைலுக்குள்ளயே கேமரா சூடு எத்தனை டிகிரின்னு பதிவாகியிருக்கும், எக்ஸிஃப்டூல்ங்கற சாஃப்ட்வேர் போட்டா காட்டும், ராத்திரி முழுக்க எடுத்திருந்தா அதைப் பாத்து ரெண்டு செட் டார்க் வச்சுக்கலாம். பின்னாடி இருக்கற ஸ்க்ரீனை அணைச்சே வைங்க, லைவ் வ்யூ ஓடிட்டு இருந்தா சென்சரும் சும்மா இருக்காது. கச்சான் காத்து அடிக்கற இடத்துல பாடி கொஞ்சம் குளிரும், ஆனா உப்புத் துளி லென்ஸ்ல படியும், அதுக்கு ஒரு துணி கையில இருக்கணும்.

கழிக்கற வேலையை ரா ஃபைல்ல, அதாவது சென்சர்ல வந்ததை அப்படியே வச்சிருக்கற ஃபைல்ல, கலர் உருவாகறதுக்கு முன்னாடி செய்யணும். ஜேபெக் ஆக்குனப்புறம் ஒரு ஹாட் பிக்சல் பக்கத்து பிக்சல்களுக்கும் பரவி ஒரு சின்ன கூட்டல் குறி மாதிரி ஆகியிருக்கும், அப்போ கழிச்சா கறை மிச்சம் இருக்கும். சிரில்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, மாஸ்டர் டார்க் செஞ்சு மொத்த ஃப்ரேமுக்கும் ஒரே தடவையில கழிச்சிடும்.

கழிக்க முடியாத நாய்ஸும் இருக்கு. வானத்துல இருந்து வர்ற ஒளியே துகள் துகளா, ஒழுங்கில்லாம வர்றது. 100 துகள் வந்தா 10 சதவீதம் ஆடும், 10,000 வந்தா 1 சதவீதம்தான் ஆடும். இதுக்கு மருந்து கூடுதல் வெளிச்சம், வேற எதுவும் இல்ல. ஐஎஸ்ஓ ஏத்துனா நாய்ஸ் வருதுன்னு சொல்றது தப்பான பழி, வெளிச்சம் கம்மியா இருக்கறதுதான் நாய்ஸ், ஐஎஸ்ஓ அதை பெருசாக்கி காட்டுது. லென்ஸ் துவாரத்தை எஃப் 2.8ல இருந்து 1.4க்கு பெருசாக்குனா நாலு மடங்கு வெளிச்சம், ஆட்டம் பாதி, எந்த மெனு செட்டிங்கும் அதுக்கு ஈடாகாது. லென்ஸ் மாத்த முடியாதவங்க ஃப்ரேம்களை சராசரி போடலாம்: பாம்பன் பாலமோ உடைஞ்ச படகோ அசையாம இருக்கற முன்பகுதிக்கு 16 ஃப்ரேம் சராசரி எடுத்தா ஆட்டம் நாலுல ஒரு பங்கு, வானத்துக்கு முன்னும் பின்னுமா ரெண்டு ரெண்டு ஃப்ரேமை நட்சத்திரம் பாத்து பொருத்தி சேக்கலாம்.

ஏஐ டீநாய்ஸை டைம்லாப்ஸ்ல நான் கடைசியாதான் தொடுவேன். அது ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியா பாத்து முடிவெடுக்கறதால, ஒரு ஃப்ரேம்ல இருக்கற மங்கலான நட்சத்திரம் அடுத்ததுல காணாம போகும், ஓட விட்டா வானம் கொதிக்கற மாதிரி மினுங்கும். அதுக்காக நாய்ஸை அப்படியே விட்டாலும் ஆகாது, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுற புள்ளிகளை வீடியோ கம்ப்ரஷனால சுருக்க முடியாது, யூடியூப்ல ஏத்துனதும் பால்வீதி கட்டம் கட்டமா உடையும்.

மெனுவுல ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷன்னு இன்னொண்ணு இருக்கும், அது வேற, பெரும்பாலும் ஜேபெக்கை மட்டும்தான் தொடும், ரா எடுக்கறவங்க கண்டுக்க வேணாம். நாலு நிமிஷம் ஷட்டர் திறந்து வச்சு கடலையும் பாறையையும் தனி போட்டோவா எடுக்கறீங்கன்னா மட்டும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆன் பண்ணுங்க, அங்க இன்னொரு நாலு நிமிஷம் காத்திருக்கறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.