அபோஸ்டசி: துரோகமா, விலகலா?

2015 நவம்பரில், அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபை தன் நிர்வாகக் கையேட்டில் ஒரு சொல்லின் எல்லையை விரித்தது. தன்பாலினத் திருமணம் செய்துகொள்ளும் உறுப்பினர் ‘அபோஸ்டசி’ (apostasy, மத நம்பிக்கையைக் கைவிடுதல்) என்னும் குற்றத்துக்கு உள்ளானவர், அவர்மீது சபை ஒழுங்கு விசாரணை நடந்தே ஆக வேண்டும் என்றது. 2019 ஏப்ரல் 4 அன்று அதே சபை அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றது. ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் பல குடும்பங்கள் சுமந்த அச்சொல்லைத் தமிழில் நாம் சரியாகச் சொல்கிறோமா?

‘விசுவாச துரோகம்’ என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். அது தமிழ் வேதாகமம் தந்த சொல். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 2:3-இல் வருகிறது. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது ‘அபோஸ்தாசியா’. ‘அபோ’ என்றால் அப்பால், விட்டு; ‘ஸ்தாசிஸ்’ என்றால் நிற்றல். ஆக, விட்டு விலகி நிற்றல். அரசனுக்கு எதிராகக் கிளர்ந்து பிரிவதையும் பழைய கிரேக்கர் இச்சொல்லால் குறித்ததால் அதில் கலகத்தின் சாயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம்பவைத்துக் கழுத்தறுக்கும் துரோகம் அதன் வேரில் இல்லை.

இதற்குத் தமிழ் வேதாகமமே சாட்சி. அப்போஸ்தலர் நடபடிகள் 21:21-இல் அதே கிரேக்கச் சொல் வருகிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் ‘மோசேயை விட்டுப் பிரிந்துபோகும்படி’ என்று எழுதினார்கள். மத்தேயு 5:31-இல் நாம் ‘தள்ளுதற்சீட்டு’ என்று படிப்பதன் மூலமும் இதன் உடன்பிறந்த சொல்லான ‘அபோஸ்தாசியோன்’தான். மணமுறிவுச் சீட்டுக்கு உறவான ஒரு சொல், மணம் செய்துகொண்டவர்கள்மீது சுமத்தப்பட்டது என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. (‘அப்போஸ்தலர்’ ஒலியில் நெருங்கினாலும் அதன் வேர்ச்சொல் வேறு, அது ‘அனுப்பப்பட்டவர்’ என்று பொருள்படும்.)

மார்மன்களிடம் இச்சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. ஆதி அப்போஸ்தலர்கள் மறைந்தபின் கிறிஸ்தவம் முழுவதுமே வழிவிலகியது, அதனால்தான் தங்கள் நிறுவனர் ஜோசப் ஸ்மித் வழியாக 1830-இல் சபை மீட்டெடுக்கப்பட்டது என்பது அவர்களது நம்பிக்கை. அந்த மாபெரும் விலகலுக்கு அவர்கள் இட்ட பெயரே அபோஸ்டசி. சபையை வெளிப்படையாகத் தொடர்ந்து எதிர்ப்பவர்கள், பலதார மணத்தைப் போதிக்கும் பிரிவினரைப் பின்பற்றுபவர்கள் போன்றோரே முன்பு அந்தப் பட்டியலில் இருந்தார்கள். யாரையும் எதிர்க்காமல் அமைதியாக மணம் முடித்து வாழ்ந்தவர்களும் 2015-இல் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளையும் அது விடவில்லை. வழக்கமாக 8 வயதில் கிடைக்கும் ஞானஸ்நானம் அவர்களுக்கு 18 வயதுவரை கிடையாது. அப்போதும் தன்பாலினத் திருமணத்தைத் தாங்கள் ஏற்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளையிடம் கேட்கக்கூடாத விலை அது.

2019-இல் தலைமைக் குழுவின் டாலின் ஓக்ஸ் அறிவித்த மாற்றம் கோட்பாட்டைத் தொடவில்லை. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற 1995-ஆம் ஆண்டுப் பிரகடனம் அப்படியே நிற்கிறது. சட்டத் தளத்தில் 2022-இல் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தைச் சபை ஆதரித்தாலும், அதன் ஆலயங்களில் தன்பாலினத் திருமணத்துக்கு இடமில்லை. ஓக்ஸ் சொன்னது இவ்வளவுதான்: அத்தகைய திருமணம் கடுமையான மீறுதல், ஒழுங்கு நடவடிக்கையைப் பொறுத்தவரை அபோஸ்டசி அன்று. அதோடு பிள்ளைகள்மீதிருந்த தடையும் நீங்கியது.

மீறியவர் வீட்டுக்குள் இருப்பவர். விலகியவர் வாசலைத் தாண்டியவர். தமிழில் இரண்டையும் ‘துரோகம்’ என்றோ ‘பாவம்’ என்றோ எழுதினால் 2019-இல் மாறியது என்னவென்றே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே என் பரிந்துரை ‘விசுவாச விலகல்’. வாய்விட்டு நம்பிக்கையை மறுப்பதற்கு, இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவின் கதை வழியாக நமக்குப் பழகிய ‘மறுதலித்தல்’ இருக்கிறது. ‘விசுவாச துரோகம்’ வேத வசனத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் வரட்டும். 2019-இன் அந்த மாற்றத்தைச் செய்தியாக இன்று எழுத நேர்ந்தால் இப்படி எழுதுவேன்: ‘தன்பாலினத் திருமணத்தை விசுவாச விலகல் என 2015-இல் வகைப்படுத்திய சபை, 2019 முதல் அதை மீறுதல் என்றே கருதுகிறது.’