ஏற்காட்டில் இடி, செவ்வாய்ப்பேட்டையில் பில் நின்றது

திங்கள் காலை பத்து மணிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையிலிருந்து போன். "தம்பி, பில் போட முடியலை. லோடு ஏத்தின வண்டி அப்படியே நிக்குது." சர்வருக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க்கில் துளி இடமில்லை. பில் கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் நின்றுபோயிருந்தது.

கோளாறு சேலத்தில் இல்லை, மலைமேல். கடைக்காரருக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம் உண்டு. அந்த ஆபீஸ் அறையில்தான் ஸ்டாண்ட்பை சர்வர், அதாவது கடை டேட்டாபேஸின் நகலை வைத்திருக்கும் மாற்று சர்வர். வெள்ளி மாலை ஆறு மணிக்கு அடித்த இடியில் யுபிஎஸ் போய், சர்வரும் அணைந்துவிட்டது. இரண்டு நாளாக யாரும் கவனிக்கவில்லை. அலர்ட் வைக்காதது என் தப்பு.

ஸ்டாண்ட்பை படுத்தால் பிரைமரி, அதாவது கடையின் முதன்மை சர்வர், ஏன் நிற்க வேண்டும்? போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 'வால்' என்னும் பதிவுக் கோப்பில் எழுதும். கோப்பு ஒன்று 16 எம்பி. ஸ்டாண்ட்பை அதை வாங்கித்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. 2014இல் 9.4 பதிப்பில் ரெப்ளிகேஷன் ஸ்லாட் வந்தது. ஸ்டாண்ட்பை எதுவரை வாங்கியது என்று ஸ்லாட் குறித்துவைத்திருக்கும்; மிச்சத்தை அழிக்க விடாது. லைன் பத்து நிமிடம் அறுந்து வந்தால் நல்ல ஏற்பாடு. ஆள் திரும்பி வரவே இல்லையென்றால், பெயருக்கேற்ப அனுமார் வால்தான்.

அங்கே சராசரியாக நிமிடத்துக்கு ஒரு கோப்பு. ஒரு நாளைக்கு 1,440 கோப்பு, அதாவது 22.5 ஜிபி. காலி இடம் 60 ஜிபி. 64 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெள்ளி மாலை ஆறிலிருந்து எண்ணிப் பாருங்கள், திங்கள் காலை பத்து.

கூட இருந்த பையன், "பழைய வால் கோப்பைக் கொஞ்சம் அழிச்சிடலாமாண்ணா?" என்றான். கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் கை வைத்தால் டேட்டாபேஸ் எழுந்திருக்காமலே போகலாம். அதே டிஸ்க்கில் கிடந்த பழைய பேக்கப்புகளை வேறிடத்துக்கு மாற்றி, சர்வரைக் கிளப்பி, ஸ்லாட்டை நீக்கினோம். அடுத்த செக்பாயிண்ட்டில், அதாவது மாற்றங்களை டேட்டா கோப்புகளில் போஸ்ட்கிரெஸ் எழுதி முடிக்கும் கட்டத்தில், வால் கோப்புகள் தானாகக் கழிந்தன.

2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு வரம்பு வைக்கலாம்: 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்'. நாமாக மாற்றாதவரை அதன் மதிப்பு -1, அதாவது வரம்பே கிடையாது. அந்தக் கடைக்கு 30 ஜிபி வைத்தேன். ஒரு நாள் பவர் கட்டைத் தாங்கும். காலி இடம் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். வரம்பை செக்பாயிண்ட் நேரத்தில்தான் பார்க்கும், நடுவே கொஞ்சம் தாண்டும். தாண்டினால் ஸ்லாட் 'லாஸ்ட்' (தொலைந்தது) ஆகி, ஸ்டாண்ட்பையைப் புதிதாகக் கட்ட வேண்டிவரும். சரி, அது ஓர் இரவு வேலை. வியாபார நேரத்தில் பில் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இப்போது ஸ்லாட் பத்து நிமிடம் செயலற்றுக் கிடந்தால் எனக்கு எஸ்எம்எஸ் வரும், தோட்டத்து ரைட்டருக்கும் போகும். யுபிஎஸ் பட்டனை அமுக்கத் தெரிந்த ஆள் மேலே அவர் ஒருவர்தான்.