இருசு: ஆக்சிலுக்கு நம்மிடம் இருக்கும் சொல்

திருத்தணியிலிருந்து நகரிக்குப் போகும் சாலையில் ஒரு லேத்துப் பட்டறை இருக்கிறது. போன மாதம் அதன் மேசைமேல் உடைந்த எஃகுத் தண்டு ஒன்று கிடந்தது. ஒரு முனையில் நீளவாக்கில் பல் வெட்டியிருந்தார்கள். அந்தப் பற்கள் முடிகிற இடத்தில்தான் தண்டு இரண்டாகப் போயிருந்தது. மீதமிருந்த பற்கள் நேராக இல்லை, கயிறு திரித்த மாதிரி ஒரு பக்கமாக முறுகியிருந்தன. பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பின் ஆக்சிலிலிருந்து வந்தது. எம்.ஜி.பி. என்ற வகை. வைத்திருக்கும் தம்பி இன்ஜினை மாற்றிப் பலத்தைக் கூட்டியிருந்தார், பின்னாலிருப்பதை அப்படியே விட்டுவிட்டார்.

அந்தத் தம்பி செய்யும் வேலையையெல்லாம் நோட்டில் தமிழில் எழுதி வைக்கிறவர். என்னைப் பார்த்ததும் கேட்டார்: “அண்ணா, உடைஞ்ச தண்டையும் ஆக்சில்ங்கிறோம். அதைச் சுத்தி இருக்கிற கூட்டையும் ஆக்சில்ங்கிறோம். எல்லாம் சேர்ந்தாலும் ஆக்சில்தான். நோட்டுல நான் எதை என்னன்னு எழுதட்டும்?”

நான் யோசிப்பதற்குள், புஷ் கடைய வந்திருந்த வயதான ஆசாரி ஒருவர் சொன்னார்: “இருசுன்னு எழுதுப்பா.” பக்கத்தில் நகரிக்காரர் ஒருவர் தலையாட்டினார்: “மா ஊள்ளோ கூடா இருசே.” எங்கள் ஊரிலும் இருசுதான் என்று தெலுங்கில் சொன்னார்.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரி ஆந்திராவிலேயே இருந்தது. கோடு எங்கே விழுந்தாலும் மாட்டு வண்டிக்கு இருசு இருசுதான். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே ஒலி, ஒரே பொருள். கன்னடத்திலும் மலையாளத்திலும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. தென்னாட்டு வண்டித் தச்சர்களின் பொதுச்சொத்து என்றே இதைச் சொல்வேன். இரண்டு சக்கரத்தையும் இணைத்து, வண்டியின் பாரத்தைத் தாங்குகிற குறுக்குக்கட்டை இருசு. சக்கரத்தின் நடுக்குடம் அதன்மேல் சுழலும். இருசு சுழலாது.

பாடப்புத்தகங்கள் ஆக்சிலுக்கு ‘அச்சு’ என்று போடுகின்றன. அதுவும் பழைய, நல்ல சொல். “பீலிபெய் சாகாடும் அச்சிறும்” என்று 475ஆம் குறளில் வருவது இந்த அச்சுதான்: மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். வடமொழி ‘அக்ஷ’ என்பதிலிருந்து இது வந்தது என்பாரும் உண்டு, தமிழ் வேர்தான் என்பாரும் உண்டு. ஆங்கில ஆக்சிலும் அந்த ‘அக்ஷ’வுக்குத் தூரத்து உறவு. சிலர் ‘அச்சாணி’ என்றே எழுதிவிடுகிறார்கள், அது தவறு. சக்கரம் கழன்று போகாமல் அச்சின் முனையில் செருகும் ஆணிதான் அச்சாணி. கடையாணி என்று ஊரில் சொல்வோமே, அது.

அச்சில் எனக்கு ஒரே ஒரு சிக்கல். பூமியின் அச்சு, வரைபடத்தின் எக்ஸ் அச்சு என்று, ஒன்று எதைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்தக் கற்பனைக் கோட்டுக்கும் பள்ளிக்கூடத்தில் இதே சொல்தான். அச்சடிக்கும் அச்சு, வெல்ல அச்சு வேறு. ‘அச்சின் அச்சு வளைந்திருக்கிறது’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? தெலுங்கில் இந்தக் குழப்பம் இல்லை. கோட்டுக்கு அக்ஷம், கட்டைக்கு இருசு. நம்மிடமும் இரண்டு சொல் இருக்கும்போது அப்படிப் பிரித்துக்கொள்வதே முறை என்று நினைக்கிறேன்.

சரி, மாட்டு வண்டியின் இருசு காருக்குப் பொருந்துமா? பொருந்தும். ஆனால் காரில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வண்டியில் இழுப்பது மாடு, சக்கரம் சும்மா உருளும். அதனால் இருசுக்குச் சுமை மட்டும்தான், முறிந்தால் வளைந்து முறியும். காரில் சக்கரத்தைத் திருப்பித் தள்ளுவதும் அந்த வழியாகத்தான் நடக்கிறது. வெளிக்கூடு வண்டியைச் சுமக்கும். உள்ளே இரு பக்கமும் ஓடும் தண்டுகள் இன்ஜினின் முறுக்கைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். லாரி மெக்கானிக் “ஆக்சில் கட் ஆயிடுச்சு” என்று சொல்வது இந்தத் தண்டைத்தான்.

லாரியில் சுமை முழுவதையும் கூடே ஏற்றுக்கொள்ளும், தண்டு உள்ளே சுமையில்லாமல் மிதக்கும். அதனால்தான் சாலையோரத்தில் சக்கரத்தைக் கழற்றாமலே உடைந்த தண்டை உருவி, வேறொன்றைச் செருக முடிகிறது. எம்.ஜி.பி.யின் குழாய் வகைக் கூட்டில் தண்டு பாதிதான் மிதக்கிறது. முறுக்கோடு சுமையிலும் ஒரு பங்கு அதன்மேல் விழுகிறது. மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ஹெரால்டு காரை நினைவிருக்கிறவர்கள் இருப்பார்கள். அதில் இரு பக்கத்தையும் இணைக்கும் ஒரே கூடு கிடையாது, ஒவ்வொரு பக்கமும் தனியாக ஊசலாடும். பின்னால் 1972இல் வந்த கெசலில் ஒரே விறைப்பான இருசுக்கு மாறினார்கள்.

இனி அந்தத் தம்பியின் காருக்கு வருகிறேன். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரானது. 1798 சி.சி. இன்ஜினின் உச்ச முறுக்குவிசை சுமார் 149 நியூட்டன் மீட்டர். பின் இருசில் பல்விகிதம் ஏறக்குறைய 3.9, அதாவது இன்ஜின் பக்கமிருந்து பின்னால் வரும் நீளத்தண்டு 3.9 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சுற்று குறைகிற அளவுக்கு முறுக்கு பெருகும். டாப் கியரில் இருசுக்கு வருவது 149 பெருக்கல் 3.9, ஏறத்தாழ 581.

1973இல் அதே கம்பெனி 3528 சி.சி. வி8 இன்ஜின் வைத்த ஒரு வகையை வெளியிட்டது. முறுக்குவிசை சுமார் 262, முக்கால் பங்கு அதிகம். ஆனால் பல்விகிதத்தை 3.07 ஆக இறக்கிவிட்டார்கள். 262 பெருக்கல் 3.07, சுமார் 804. இன்ஜினில் 76 சதவீதம் ஏறியது, இருசில் 38 சதவீதம்தான் ஏறியது. இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீளத்தண்டின் சுழற்சியை இருசுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். அதன் பல் எண்ணிக்கையை மாற்றியே ஏற்றத்தில் பாதியை இறக்கிவிட்டார்கள்! நம் தம்பி இன்ஜினை மட்டும் மாற்றி 3.9ஐ அப்படியே விட்டதால் முழு ஏற்றமும் தண்டுக்கு வந்தது. முதல் கியரில் இன்னும் சில மடங்கு பெருகித்தான் வந்திருக்கும்.

அப்புறம் தண்டையே பலப்படுத்துவது. முறுக்கைத் தாங்கும் வலு தண்டின் குறுக்களவின் மும்மடியைப் பொறுத்தது. பத்து சதவீதம் தடித்தால் வலு மூன்றில் ஒரு பங்கு கூடும். அதனால் எல்லாரும் “தடிமனாகப் போடு” என்கிறார்கள். ஆனால் பல் வெட்டிய இடம் மெலிந்தே இருக்க, நடுவை மட்டும் தடிமனாக்கினால் பிரயோசனமில்லை. முறுக்கு முழுவதும் பல்லின் அடியில் போய்க் கூடும். நடுப்பகுதியைப் பல்லின் அடி அளவுக்கே இழைத்து, விளிம்புகளை வளைவாக விட்டால், தண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக முறுகி வில் போல வாங்கிக்கொள்ளும். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த இ.என்.24 வகை எஃகை இதற்கு எடுப்பார்கள், வெப்பப் பதம் கொடுப்பார்கள். மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது, அங்கேதான் விரிசல் தொடங்கும். உடைந்ததை வெல்டு வைத்துத் தரச் சொல்லித் தம்பி முதலில் கேட்டிருக்கிறார். பட்டறை மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். நல்ல காரியம் செய்தார்.

தண்டு தப்பித்தால் உடைப்பு வேறிடம் தேடிப் போகும்: நீளத்தண்டின் மூட்டான கிராஸ், கிரவுன் பினியன், கியர் பாக்ஸ், இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும். முறுக்கை இரு பக்கத் தண்டுக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். அதில் சக்கரம் வழுக்காத வகையைப் போட்டால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சாதாரண வகையில் முறுக்கு இரு பக்கமும் பாதிப்பாதி பிரியும். இதில் பிடிமானமுள்ள சக்கரத்தின் தண்டுக்குப் பெரும்பங்கும் போய்விடக்கூடும்.

தண்டு களைத்துவிட்டதா என்று பார்க்கப் பந்தயக்காரர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். புதுத் தண்டில் நீளவாக்கில் நேராக ஒரு பெயின்ட் கோடு. கழற்றும்போது கோடு சுருண்டிருந்தால் தண்டு நிரந்தரமாக முறுகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். மாற்றுத் தண்டும் கூடவே கொண்டுபோவார்கள். இது நமக்குப் புதிதல்ல. புறநானூறு 102இல் ஔவையார் ‘சேம அச்சு’ என்ற சொல்லைத் தருகிறார். உப்பு வணிகர்கள், வண்டியில் பாரம் பெரிது, மாடோ நுகம் பழகாத இளையது, பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன ஆகுமோ என்று, வண்டிக்குக் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்களாம். ஸ்பேர் என்று நாம் சொல்வதற்கு ‘சேம’ என்பதைவிடப் பொருத்தமான முன்னொட்டு எனக்குத் தெரியவில்லை.

தம்பியின் நோட்டில் கடைசியில் இப்படி எழுதினோம். முழு அமைப்பு பின் இருசு. வெளிக்கூடு இருசுக்கூடு. உள்ளே சுழல்வது இருசுத்தண்டு. மாற்றாக வைத்திருப்பது சேமத்தண்டு. கிரவுன் பினியனை நாங்கள் தொடவில்லை, இரு மாநிலத்துப் பட்டறையிலும் அதுதான் வழக்கு.

புதுத் தண்டுகள் வெப்பப் பதத்துக்காக அம்பத்தூர் போயிருக்கின்றன. வலம், இடம், சேமம் என்று மூன்றாகச் செய்யச் சொல்லியிருக்கிறார் தம்பி. மேஸ்திரி ரசீதில் ‘இருசுத்தண்டு 3’ என்று எழுதிக் கொடுத்தார்.