பழைய காருக்கு சிந்தெற்றிக் ஒயில் ஊத்தலாமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் போன ஐந்து வருடமும் கொழும்பில் பெரும்பாலானவர்கள் இருந்த காரைத்தான் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். இப்போது இறக்குமதி திறந்தும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வருகிறார்கள். அதனால் கொரோலா 110, சன்னி எஃப்.பி.14, பழைய லான்சர், மாருதி 800, டொல்ஃபின் வான் எல்லாம் இன்னும் எங்கள் கராஜ் வாசலில் வரிசையில் நிற்கின்றன.

அவற்றின் சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வெள்ளவத்தையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கேட்டபடியே தருகிறேன்: "தம்பி, சிந்தெற்றிக் ஊத்தினா பழைய என்ஜின் லீக் அடிக்கும் எண்டு பாஸ் சொல்றார். மகன் கனடாவில இருந்து போன் எடுத்து அதைத்தான் ஊத்தச் சொல்றான். நான் ஆற்ற சொல்லைக் கேக்கிறது?"

கராஜ் மெக்கானிக்கான பாஸ், மகன் இரண்டு பேருமே என்ஜினைப் பார்க்காமல் சொல்கிறார்கள் என்பதுதான் என் பதில். மகன் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் சாதாரண ஒயில் இறுகி நிற்கும். சிந்தெற்றிக் அப்போதும் ஓடும். கொழும்பில் விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே சிந்தெற்றிக்கின் புகழில் பாதி நமக்கு உதவாது. மற்றப் பாதி, அதாவது சூட்டில் சீக்கிரம் கெடாமல் நிற்கும் குணம், நமக்கு நன்றாகவே உதவும்.

சாதாரண ஒயில் மசகு எண்ணெயை (குரூட் ஒயிலை) சுத்திகரித்து எடுப்பது. அதன் மூலக்கூறுகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும்; சூட்டில் சிறியவை ஆவியாகும், மற்றவை ஒட்சியேற்றமாகிப் பிசுக்காகும். சிந்தெற்றிக்கில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். ஆனால் கேனில் 'ஃபுல்லி சிந்தெற்றிக்' என்று இருப்பதெல்லாம் ஆய்வுகூடத்தில் கட்டியெழுப்பியது அல்ல. மசகு எண்ணெயைக் கடுமையாக ஐதரசனேற்றிச் சுத்திகரித்த மூன்றாம் தொகுதி (குரூப் 3) எண்ணெயும் பல நாடுகளில் அந்தப் பெயரிலேயே விற்கப்படுகிறது. அது மோசமான சரக்கும் அல்ல. 'செமி சிந்தெற்றிக்' என்பதில்தான் கவனம் வேண்டும். அதில் எத்தனை வீதம் சிந்தெற்றிக் இருக்க வேண்டும் என்று பொது விதி எதுவும் கிடையாது.

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது. "சிந்தெற்றிக் தண்ணி மாதிரி, பழைய என்ஜினுக்கு ஆகாது" என்பார்கள். தடிப்பைத் தீர்மானிப்பது சிந்தெற்றிக்கா இல்லையா என்பது அல்ல, கேனில் உள்ள எண்கள். 15டபிள்யூ-40 என்றால் முதல் எண் குளிரில் நடந்துகொள்ளும் விதம். பின்னால் உள்ள 40, என்ஜின் சூடேறி 100 பாகையில் இருக்கும்போது உள்ள தடிப்பு. சாதாரண 15டபிள்யூ-40 உம் சிந்தெற்றிக் 5டபிள்யூ-40 உம் ஓடும் சூட்டில் ஒரே வரம்புக்குள் நிற்பவை. 20டபிள்யூ-50 ஊற்றிப் பழகிய என்ஜினில் திடீரென்று சிந்தெற்றிக் 5டபிள்யூ-30 ஊற்றிவிட்டு, சத்தம் கூடிவிட்டது, ஒயில் குறைகிறது என்று வந்தால், குற்றம் சிந்தெற்றிக்கில் இல்லை, 50 இலிருந்து 30 க்கு இறங்கியதில். 90களின் ஜப்பான் கார்களின் கையேட்டில் வெப்ப நாடுகளுக்கு 20டபிள்யூ-50 வரை அனுமதித்த அட்டவணையைப் பார்க்கலாம். கையேடு இல்லையென்றால் அந்த மொடலுக்குரியதை இணையத்தில் தேடி எடுங்கள். அதற்குப் பிறகு பேசுவோம்.

இனி லீக். 70களில் வந்த முதல் சிந்தெற்றிக் ஒயில்கள் சில, றப்பர் ஒயில் சீல்களைச் சாதாரண ஒயில் போல் ஊதி வைத்திருக்கவில்லை. அதனால் கசிவு வந்தது. பிறகு எஸ்டர் போன்ற சேர்க்கைகள் போட்டு அதைச் சரிசெய்துவிட்டார்கள். கதை மட்டும் நிற்காமல் கராஜ் கராஜாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பாஸ்மார் சொல்வது முழுப்பொய்யும் அல்ல. இருபத்தைந்து வருடம் சூட்டில் வெந்த ஒயில் சீல் இறுகிச் சுருங்கியிருக்கும். அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருப்பது, கழுவாமல் விட்ட பொரியல் சட்டியின் அடியில் பிடித்த பிசுக்குப் போன்ற ஒரு கறுப்புப் படலம். நல்ல ஒயிலில் உள்ள கழுவும் சேர்க்கைகள் அதைக் கரைக்கும்போது, ஏற்கனவே இருந்த ஓட்டை வெளியே தெரிகிறது.

அப்படிக் கசிவு வந்தால் உடனே கிராங்க் சீல் மாற்ற ஓடாதீர்கள். முதலில், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். 'கட கட' என்று ஆடவேண்டும். அது அடைபட்டால் என்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, எந்த ஒயிலையும் எந்த சீல் வழியாகவும் வெளியே தள்ளும். டெப்பட் கவர் பெக்கிங்கை இரண்டு மூன்று தடவை மாற்றியும் நிற்காத கசிவு, இந்தச் சின்ன வால்வை மாற்றியதும் நின்றதை எத்தனையோ கார்களில் பார்த்திருக்கிறேன். விலையும் பெரிதில்லை, பஞ்சிகாவத்தையில் தேடினால் பெரும்பாலான மொடல்களுக்குக் கிடைக்கும்.

எந்த ஒயில் என்று நான் முடிவு செய்வது என்ஜினின் சுகத்தைப் பார்த்துத்தான். டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஊற்றி, 1000 கிலோமீற்றர் ஓடிவிட்டு வரச் சொல்வேன். மட்டமான இடத்தில், என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். கால் லீற்றருக்குள் குறைந்திருந்தால் அந்த வயதுக்கு அது நல்ல என்ஜின். 1000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரை குறையலாம் என்று எழுதியிருக்கும் கையேடுகளும் உண்டு. அது நிறுவனத்தின் பாதுகாப்புக்கு எழுதியது என்பது என் அபிப்பிராயம். இரவு நிறுத்திக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப்புகை ஒரு தரம் வந்து நின்றால், பெரும்பாலும் வால்வ் சீல். அக்சிலரேற்றரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். ஒயில் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள்: உள்ளே தேன் நிறம் என்றால் முந்தைய சொந்தக்காரர் கவனமாக இருந்திருக்கிறார், தார் போல் படிந்திருந்தால் விலைகூடிய ஒயிலுக்கு இன்னும் காலம் வரவில்லை.

நல்ல என்ஜினுக்கு அதே தடிப்பில் சிந்தெற்றிக் ஊற்றுங்கள், தயக்கமே வேண்டாம். ரிங் போனதற்கு எதை ஊற்றினாலும் எரிந்துதான் போகும். தரமான சாதாரண 20டபிள்யூ-50 போட்டு, குறையக் குறைய மேலும் ஊற்றி, என்ஜின் வேலைக்குக் காசு சேருங்கள். எமிஷன் டெஸ்டுக்கு முதல்நாள் புகையை மறைக்கத் தேன்போன்ற திரவம் ஒன்றை ஊற்றுவதையும் பார்க்கிறேன். அது சான்றிதழுக்கு வைத்தியம், என்ஜினுக்கு அல்ல.

தார் படிந்த என்ஜினில், உள்ளே கழுவ ஊற்றும் 'ஃபிளஷ்' திரவம் மட்டும் வேண்டாம். ஒரேயடியாகப் பெயரும் கட்டிகள் ஒயில் தேங்கும் சம்ப்புக்குள் இருக்கும் வடியை அடைத்தால் ஒயில் பம்ப் உறிஞ்ச முடியாமல் பெயாரிங் போய்விடும். சாதாரண ஒயிலையே 2000 கிலோமீற்றருக்கு ஒரு தரம், பில்டரோடு, இரண்டு மூன்று தடவை மாற்றினால் மெதுவாகக் கழுவுப்படும். பிறகு சிந்தெற்றிக்குக்குப் போகலாம். இரண்டும் கலந்துவிடுமே என்று பயப்படத் தேவையில்லை, கேனில் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம்) தரம் உள்ள ஒயில்கள் ஒன்றோடொன்று கலக்கக் கூடியவை.

எத்தனை கிலோமீற்றருக்கு மாற்றுவது? சிந்தெற்றிக் என்றால் 10,000 என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் இடங்கள் உண்டு. கொழும்புக்குள் ஓடும் காருக்கு நான் அதை எழுதமாட்டேன். காலி வீதியிலும் ஆமர் வீதிச் சந்தியிலும் மணிக்கு 15 கிலோமீற்றர் சராசரியில் ஊர்ந்தால், 5000 கிலோமீற்றருக்கு என்ஜின் 333 மணித்தியாலம் ஓடுகிறது. அதே தூரத்தை யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் கார் 50 கிலோமீற்றர் சராசரியில் 100 மணித்தியாலத்தில் முடிக்கும். மீற்றரில் இரண்டும் ஒன்று. பிள்ளையைப் பம்பலப்பிட்டியில் பாடசாலைக்கு இறக்கிவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும் கார் இன்னும் பாவம்: ஒயில் சரியாகச் சூடாகும் முன்பே நிறுத்தப்படுவதால், உள்ளே சேரும் நீராவியும் பெற்றோலும் வெளியேறாமல் ஒயிலிலேயே தங்கும். இப்படியான ஓட்டத்துக்குச் சாதாரண ஒயில் 4000 தொடக்கம் 5000, சிந்தெற்றிக் 7000 வரை என்பது என் கணக்கு. குறைவாக ஓடினாலும் சாதாரணத்துக்கு ஆறு மாதம், சிந்தெற்றிக்குக்கு ஒரு வருடம். விலை இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருக்கும்போது, இந்தக் கணக்கில் சிந்தெற்றிக் காசை மிச்சம் பிடிக்காது. என்ஜின் உள்ளே சுத்தமாக இருக்கும், அவ்வளவே. மாதம் 200 கிலோமீற்றர் ஓடும் ஐயாவுக்கு நான் சொன்னது: சாதாரண 15டபிள்யூ-40, நல்ல பில்டர், ஆறு மாதத்துக்கு ஒரு தரம். மகனிடம் சொல்லவேண்டிய அவசியமில்லை.

டொல்ஃபின் வான் போன்ற பழைய டீசல்களுக்கு வேறு கதை. ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம். அது எரிந்து உண்டாக்கும் அமிலத்தை முறிக்க ஒயிலில் காரச்சத்து இருக்கிறது. அது தீர்ந்தால் ஒயிலின் வேலையும் தீர்ந்தது. எனவே சிந்தெற்றிக்காக இருந்தாலும் நீட்டி ஓட முடியாது. கேனில் உள்ள டீசல் ஒயில் தரக்குறிகளில் சி.கே.-4 புதிய தரம்தான், ஆனால் புகைவடி (டி.பி.எஃப்.) உள்ள நவீன என்ஜின்களுக்காகச் சாம்பல் அளவைக் கட்டுப்படுத்திச் செய்தது. பழைய வானுக்கு காரச்சத்துக் கூடிய சி.எச்.-4 அல்லது சி.ஐ.-4, 15டபிள்யூ-40, 5000 கிலோமீற்றரில் மாற்றினால் போதும். மாற்றிய அடுத்தநாளே கறுத்துவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். டீசல் கரியை ஒயில் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட்களும் இப்போது பத்துப் பதினைந்து வருடப் பழசாகிவிட்டன. அவற்றுக்கும் "பழைய கார்தானே" என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறார்கள். 0டபிள்யூ-20 க்கென்று செய்த என்ஜின் அது. வால்வு திறக்கும் நேரத்தை ஒயில் அழுத்தத்தால் மாற்றும் வி.வி.டி.ஐ. தடித்த ஒயிலில் மந்தமாகும். கொஞ்சம் ஒயில் குறையத் தொடங்கினால் 5டபிள்யூ-30 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். திரீவீலில் ஒயிலிலேயே கிளச்சும் ஊறுகிறது. காருக்கு வாங்கி மிஞ்சியதை அதில் ஊற்றினால் கிளச் வழுக்கும், ஒயிலில் ஊறும் கிளச்சுக்கான ஜப்பான் தரமான ஜாசோ எம்.ஏ. என்று கேனில் இருப்பதை மட்டும் ஊற்றுங்கள்.

எதை வாங்கினாலும் போலி ஒரு பெரிய தொல்லை. நல்ல நிறுவனத்தின் வெறும் கேன்களைச் சேர்த்து, வடித்த பழைய ஒயிலை நிரப்பி, மூடியை ஒட்டி விற்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற என்ஜின் ஒயில் நிறுவனங்களின் பட்டியலை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். அவற்றின் முகவரிடம் பில்லோடு வாங்குங்கள். சேர்விஸ் செய்யும்போது லவுஞ்சில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்காமல், உங்கள் முன்னால் மூடியை உடைக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடிந்ததும் வெறும் கேனைக் கேட்டு வாங்கி, ஒரு ஸ்குரூ டிரைவரால் அடியில் குத்திவிட்டுக் கொடுங்கள்.