மெய்நிகர்: பேருக்கு இல்லை, காரியத்துக்கு இருக்கிறது

“வர்ச்சுவல்னா சும்மா பேருக்குத்தானே அண்ணே? நிஜத்துல இல்லைதானே?”

சர்வர் அறை வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது திரையில் நாற்பது சர்வர்களின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் அலமாரியில் இருந்தவையோ மூன்றே பெட்டிகள். மீதி எங்கே என்று அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததில் தப்பில்லை. அந்த மூன்றையும் ஒரு மென்பொருள் நாற்பது தனித்தனி சர்வர்களாகப் பிரித்துக் கொடுத்திருந்தது, அப்படிப் பிரித்த ஒவ்வொன்றையும்தான் வர்ச்சுவல் இயந்திரம் என்கிறார்கள். அந்த நாற்பதும் வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்று சம்பளக் கணக்குப் போட்டது, ஒன்று அஞ்சல்களை அனுப்பியது, இன்னொன்று வாசல் கதவின் வருகைப் பதிவை வாங்கி வைத்தது. பேருக்கு மட்டும் இருக்கிற ஒன்று எப்படிச் சம்பளம் போடும்?

இந்தக் குழப்பம் தமிழில் பிறந்ததில்லை, ஆங்கிலத்திலேயே இருக்கிறது. வர்ச்சுவல் என்றால் திரைக்குள் நடப்பது, நேரில் இல்லாதது என்றுதான் இன்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். சொல்லின் வேர் வேறு பக்கம் போகிறது. லத்தீனில் ‘விர்’ என்றால் ஆண். அதிலிருந்து வந்தது ‘விர்தூஸ்’: வீரம், திறன், மேன்மை. நம்முடைய ஆண், ஆண்மை இரண்டும் அப்படியே நினைவுக்கு வருகின்றன. குறளில் ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’ என்று ஆண்மை ஒழுக்கத்தின் பெயராகிறது. விர்தூஸும் அதே பாதையில் நடந்து ஆங்கிலத்தில் ‘வர்ச்சூ’, அதாவது நல்லொழுக்கம் ஆனது. அதன் இன்னொரு கிளைதான் இடைக்கால லத்தீனின் ‘விர்துவாலிஸ்’. விளைவை உண்டாக்கும் திறன் உள்ளது என்று அதற்குப் பொருள். பிறகு அது ஆங்கிலத்துக்குள் வந்து, ‘பெயரால் அதுவாக இல்லாவிட்டாலும் பயனால் அதுவாகவே இருப்பது’ என்று பொருள் விரிந்தது.

தம்பி சொன்னதற்கு நேர் எதிர், பாருங்கள். பேருக்கு இல்லை, காரியத்துக்கு இருக்கிறது.

கணினிக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதும் இந்தப் பொருளில்தான். 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, சிறிய உள் நினைவகத்தையும் சுழலும் காந்த உருளையையும் சேர்த்து, நிரல் எழுதுபவருக்கு ஒரே பெரிய நினைவகமாகக் காட்டியது. வர்ச்சுவல் நினைவகம் என்று பின்னால் பேர் பெற்றது அதுதான். அங்கே எழுதிய எண் அழியாமல் இருந்தது, கேட்டபோது திரும்பி வந்தது. நினைவகத்திடம் வேறென்ன கேட்கிறோம்?

சரி, தமிழுக்கு வருவோம். தமிழில் இந்தச் சொல்லுக்கு முதலில் பழகிய இணை ‘மாய’. பள்ளி இயற்பியலில் மெய் பிம்பம், மாய பிம்பம் என்று படித்திருப்போம். இலங்கைப் பாடநூல்களில் மெய் விம்பம், மாய விம்பம். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் உருவத்தைத் திரை வைத்துப் பிடிக்க முடியாது, ஒளிக்கதிர்கள் உண்மையில் அங்கே கூடுவதே இல்லை. ஆகவே ஒளியியலில் மாயம் பொருந்துகிறது. அதைக் கணினிக்குக் கொண்டுவந்து ‘மாய இயந்திரம்’ என்றால், விட்டலாச்சார்யா படத்தில் புகையோடு வருகிற சமாசாரம் மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது இணை ‘இணைய’. 2001இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ் வர்ச்சுவல் யூனிவர்சிட்டி என்று பேர், தமிழில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம். இப்போது அது தமிழ் இணையக் கல்விக்கழகம். நல்ல பேர்தான், அந்த இடத்துக்குச் சரியும்கூட, ஏனென்றால் அங்கே படிப்பு இணையத்தின் வழியாகத்தான் நடந்தது. ஆனால் எங்கள் அலமாரியில் இருந்த நாற்பதில் பாதிக்கு இணைய இணைப்பே கிடையாது. அவற்றை இணைய இயந்திரம் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவதாக வந்து நிலைத்தது ‘மெய்நிகர்’. யார் முதலில் கட்டினாரோ, கைராசிக்காரர். மெய் என்றால் உண்மை, உடம்பும் மெய்தான். நிகர் என்றால் ஒப்பு, சமம். உண்மையில்லாவிட்டாலும் உண்மைக்குச் சமம், உடம்பில்லாவிட்டாலும் உடம்புக்குச் சமம். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் உட்கார்ந்துகொண்டன.

தொல்காப்பிய உவமவியலைப் புரட்டினால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்று நான்கு வழியில் உவமை பிறக்கும் என்கிறது அந்நூல். ‘நிகர்ப்ப’ என்னும் உருபை அது மெய் உவமத்தின் கீழ் வைக்கிறது. மெய் என்பது அங்கே வடிவம். நம் மெய்நிகர் இயந்திரத்துக்கோ வடிவம் என்று ஒன்றும் இல்லை, வினையாலும் பயனாலும்தான் அது இயந்திரத்தை ஒக்கிறது. இலக்கணம் பார்த்தால் வேறு உருபு தேடியிருக்க வேண்டும். அதற்காக யாரும் இந்தச் சொல்லைக் கைவிடப்போவதில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

மெய்நிகர் என்பது எவ்வளவு துல்லியமான சொல் என்று தெரிய 1974க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு போப்பெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வர்ச்சுவல் இயந்திரத்துக்கு ஓர் இலக்கணம் சொன்னார்கள்: உண்மை இயந்திரத்தின் திறமான, தனித்து அடைக்கப்பட்ட பிரதி. உண்மைக்கு நிகர் என்பது அதிலேயே இருக்கிறது. அவர்களுக்கு முன்பே ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையம் 1967 வாக்கில் ஒரே பெரிய கணினியைப் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தனித்தனிக் கணினியாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்திருந்தது. 1972இல் ஐ.பி.எம். அதை முறைப்படி வெளியிட்டது. மேசைக் கணினிகளின் சில்லுகளோ, இப்படிப் பிரித்துக் கொடுக்கப் போப்பெக், கோல்ட்பெர்க் விதித்த நிபந்தனைக்கு ஒத்துவரவில்லை. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் தந்திரத்தால் அந்தத் தடையைத் தாண்டியது. 2005, 2006 வாக்கில் இன்டெல்லும் ஏஎம்டியும் சில்லுக்குள்ளேயே வசதி வைத்துவிட்டன.

இப்படிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பேர். பழைய கணினிகளில் இயங்குதளத்தின் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) மையப் பகுதியை சூப்பர்வைசர் என்பார்கள். அதற்கும் மேலே ஒருவர் வந்து உட்கார்ந்ததால், லத்தீன் ‘சூப்பர்’ போய்க் கிரேக்க ‘ஹைப்பர்’ வந்தது. தமிழில் ஹைப்பருக்கு ‘மீ’ என்ற முன்னொட்டு, ஹைப்பர்டெக்ஸ்டைக் குறிக்கும் மீயுரை என்ற சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் மீமேலாளி என்று சொல்லிப் பார்க்கலாம். பேச்சில் ஹைப்பர்வைசர்தான் இருக்கும், எழுத்திலாவது இருக்கட்டும்.

மெய்நிகராக்கத்தின் பெரிய லாபம், ஒரு முழு இயந்திரம் சில கோப்புகளாகச் சுருங்கிவிடுவது. கோப்பு என்றால் நகலெடுக்கலாம், பகிரலாம், வேறு ஊருக்கு அனுப்பலாம். இயங்குதளம் போட்டு, பாதுகாப்பு அமைப்புகள் செய்து தயாராக வைத்த ஒரு வார்ப்பை எல்லாக் கிளைகளும் எடுத்துக்கொள்கிற மாதிரி பொது நூலகத்தில் வைப்பதைத்தான் இந்தத் துறையில் உள்ளடக்கப் பகிர்வு என்கிறார்கள். இட்லித் தட்டு மாதிரி, குழி ஒன்று, வார்ப்பது வேண்டிய மட்டும். இதில் மொழிச் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் ‘சப்போர்ட்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘ஆதரவு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடும், விண்டோஸ் சர்வர் 2003க்கு 2015 ஜூலை 14ஆம் தேதியோடும் ஆதரவு முடிந்தது என்று எழுதினால், கூட்டணியிலிருந்து கட்சி விலகிய செய்தி மாதிரி இருக்கிறது. பராமரிப்பு முடிந்தது என்றாலே விஷயம் விளங்கிவிடும். ஆனாலும் ‘ஆதரவற்ற’ என்ற சொல்லின் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. பெட்டி செத்துப்போன பின்னும் பழைய மென்பொருளை விட முடியாத அலுவலகங்கள், அந்த ஆதரவற்ற இயங்குதளங்களை மெய்நிகர் இயந்திரங்களுக்குள் தூக்கி வைத்து இன்னும் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன.

அடுத்து மேகம். வலையமைப்பு வரைபடங்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று விவரிக்கத் தேவையில்லாத பகுதியை மேகமாக வரைந்துவிடுவது பொறியாளர்கள் வழக்கம். அந்தக் கோட்டுப் படமே பேர் ஆனது. தமிழில் மேகம், முகில் இரண்டும் ஓடுகின்றன. முகில் காதுக்கு இனிமை, மேகம் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டில் எதைச் சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

ஹைப்ரிட் கிளவுட் என்னும்போதுதான் நிதானிக்க வேண்டும். ‘ஹைப்ரிடா’ என்ற லத்தீன் சொல் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. அதனால் உயிரியலில் கலப்பினம் என்பது சரியான இணை. அதையே இங்கும் ஒட்டி ‘கலப்பின மேகம்’ என்று பலர் எழுதுகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2011இல் வெளியிட்ட வரையறை என்ன சொல்கிறது? இரண்டோ அதற்கு மேலோ ஆன மேகங்கள் தத்தம் தனித்தன்மை கெடாமல் நிற்கும், தரவும் செயலிகளும் இடம் மாறக்கூடிய வகையில் அவை தொழில்நுட்பத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். இங்கே எதுவும் எதோடும் கலக்கவில்லை, புது இனமும் பிறக்கவில்லை. அலுவலகத்துச் சொந்த சர்வர் ஒரு பக்கம், வாடகைக்கு எடுத்த மேகம் இன்னொரு பக்கம். இது ஒட்டு மாங்கன்று மாதிரி. கீழே நாட்டு மாவின் வேர், மேலே பங்கனப்பள்ளியின் கிளை, சாறு மட்டும் இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. என்னைக் கேட்டால் ஒட்டு மேகம் என்பேன். கேட்க மாட்டார்கள் என்பதால், ‘இன’த்தையாவது வெட்டிவிட்டுக் கலப்பு மேகம் என்று எழுதுங்கள்.

இந்த ஒட்டு எதற்குப் பயன் என்று கேட்டால், பல நிறுவனங்கள் முதலில் சொல்வது ‘டிசாஸ்டர் ரெக்கவரி’, அதாவது ஓர் இடத்தில் சேவை விழுந்தால் அதை வேறோர் இடத்தில் எழுப்புவது. டிசாஸ்டர் என்ற சொல்லில் ‘அஸ்ட்ரோ’, அதாவது நட்சத்திரம் ஒளிந்திருக்கிறது. கெட்ட நட்சத்திரத்தால் வந்த கேடு என்று இத்தாலியர்கள் நினைத்தார்கள். நேரம் சரியில்லை என்று நாம் சொல்வதேதான். தமிழின் ‘பேரிடர்’ கிரகங்களை வம்புக்கு இழுப்பதில்லை. ‘இடரினும் தளரினும்’ என்று சம்பந்தர் பாடிய அதே இடர், பெரிதானால் பேரிடர்.

ரெக்கவரிக்கு ‘மீட்பு’ என்று போடுகிறோமே, அங்கேதான் எனக்கு மனக்குறை. பேரிடர் மீட்பு என்றதும் தமிழ் வாசகர் கண்ணில் தெரிவது இடுப்பளவு தண்ணீரில் ரப்பர்ப் படகைத் தள்ளிக்கொண்டு வரும் வீரர்கள். மீட்பது என்றால் ஒருவர் இன்னொன்றைக் காப்பாற்றிக் கொண்டுவருவது. அடகு நகையை மீட்கிறோம், கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்கிறோம். ஒரு சேவை விழுந்து, வேறோர் இடத்தில் எழுந்து, மறுபடி நடக்கத் தொடங்குவது மீள்வது. அதன் பெயர் மீட்சி. எரிந்த சர்வரை யாரும் மீட்கப் போவதில்லை, அதன் வேலைதான் மீள்கிறது. ஆகவே பேரிடர் மீட்சி.

எரிந்த சர்வர் என்று சும்மா சொல்லவில்லை. 2021 மார்ச் 10ஆம் தேதி விடிவதற்கு முன், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற மேகச் சேவை நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதியும் போனது, மீதி இரண்டில் மின்சாரத்தை நிறுத்திவைத்தார்கள். பேரிடர் மீட்சித் திட்டத்தை இயக்குங்கள் என்று அதன் நிறுவனர் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போட்டார். அப்படி ஒரு திட்டமே இல்லாதவர்கள் அன்று என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சிலருக்குக் காப்பு நகல் இருந்தது, அதுவும் அதே வளாகத்தில் இருந்தது.

மெய்நிகர் என்றாலும் அடியில் எங்கோ ஒரு மெய் இருக்கிறது, அதற்குத் தீப்பிடிக்கும். ஆனால் வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர் அதைப் புது வன்பொருளில் எழுப்பிவிட்டால், பழைய பெட்டி எந்தக் கம்பெனிப் பெட்டி என்றுகூட யாருக்கும் நினைவிருக்க வேண்டியதில்லை.

இத்துறையில் அடிக்கடி காதில் விழும் இரண்டு சுருக்கெழுத்துகளையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நேரத்துத் தரவு போனால் தாங்கும் என்பது ஆர்.பி.ஓ., எவ்வளவு நேரத்துக்குள் சேவை எழ வேண்டும் என்பது ஆர்.டி.ஓ. முன்னதை இழப்பு எல்லை என்றும் பின்னதை மீட்சி நேரம் என்றும் சொன்னால் போதும். எங்கள் தம்பி முதல் பயிற்சிக் கூட்டத்தில் ‘நம்ம ஆர்.டி.ஓ. நாலு மணி நேரம்’ என்று கேட்டதும் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, லைசென்ஸ் எடுக்கவா இவ்வளவு நேரம் என்று கேட்டார்.