காலித் தோட்டாவில் தங்கியிருக்கும் ஈயம்

துப்பாக்கி சுடுகிறவர்களிடம் ஈயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலானவர்கள் குண்டைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். குண்டைக் கையால் தொடலாமா, கையுறை வேண்டுமா என்று கேட்பார்கள். கெட்டியான ஈயம் தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகவும் குறைவு. தொட்ட கையைக் கழுவாமல் வாய்க்குக் கொண்டுபோகாதவரை அதனால் பெரிய தொல்லை இல்லை. பயப்பட வேண்டியது தூசியாகிப் போன ஈயத்துக்கு. (இங்கே ஈயம் என்றால் காரீயம், வெள்ளீயம் வேறு உலோகம்.)

அந்தத் தூசி எப்படி உண்டாகிறது? விசையை இழுத்ததும் ஊசி போய்ப் பிரைமரை அடிக்கிறது. பிரைமர் என்பது தோட்டாவின் அடியில், சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாகப் பதிந்திருக்கும் உலோகக் கிண்ணம். அதற்குள் இருக்கும் கலவையில் பல பத்தாண்டுகளாக முக்கியமான பொருள் லெட் ஸ்டிஃப்னேட், அதாவது ஈயம் சேர்ந்த ஒரு வெடியுப்பு. அடிபட்டால் உடனே தீப்பற்ற வேண்டும், வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் கெடக்கூடாது. இரண்டையும் இது ஒழுங்காகச் செய்வதால்தான் இன்னும் இதை விட முடியவில்லை. அப்புறம் வெடிமருந்து எரிகிறது, வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. ஈயமோ 327 டிகிரியில் உருகி, சுமார் 1750 டிகிரியில் கொதித்துவிடும். செம்பு உறை போட்ட குண்டுகளில்கூடப் பலவற்றுக்கு அடிப்பக்கம் திறந்துதான் இருக்கும், அங்கிருந்தும் ஈயம் ஆவியாகக் கிளம்பும். வெளியே வந்ததும் குளிர்ந்து நுண்ணிய துகள்களாகிவிடுகிறது. மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும் அளவுக்குச் சிறியவை அவை. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக இந்தப் புகை சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே பீறிடும். சைலன்சர் மாட்டினால் புகையில் ஒரு பங்கு பின்பக்கமாகத் திரும்பி வரும்.

அறைக்குள் சுடும் இடங்களில் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி ஒரே சீராக ஓட வேண்டும். காற்று எங்காவது சுழன்று திரும்பினால், மின்விசிறி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் புகை மறுபடி முகத்துக்கே வந்துவிடும். அதே அறையைத் துடைப்பத்தால் பெருக்குவதைப் போன்ற மோசமான வேலை இல்லை, தரையில் படிந்து கிடந்ததை மறுபடி மூச்சுக்குள் அனுப்புகிற காரியம் அது. சாதாரண வேக்குவம் கிளீனரும் நுண்துகளைப் பின்பக்கம் வழியாக வெளியே ஊதிவிடும். நுண்துகளையும் பிடித்து வைக்கும் ஹெப்பா வடிகட்டி போட்டது வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்துணி.

சரி, ரீலோடிங் செய்பவர்களிடம் வருவோம், அதாவது சுட்டு முடித்த காலிக் கூட்டில் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறவர்களிடம். இவர்களில் பலர் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதுதான் ஆபத்து என்று நம்புகிறார்கள். வழக்கமாக உருக்கும் 350, 400 டிகிரியில் ஈயம் ஆவியாவது ரொம்பக் கொஞ்சம். அங்கே கவனிக்க வேண்டியது மேலே மிதக்கும் சாம்பல் போன்ற கசடு, அதை வழித்துக் கொட்டும்போது பறக்கும் பொடி. எனக்கு அதைவிடப் பெரிய கவலை காலித் தோட்டாக்களைச் சுத்தம் செய்யும் இடம்தான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டின் உட்சுவரிலும், பழைய பிரைமரைத் தட்டி எடுத்த குழியிலும் கரி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் ரேகைகளுக்குள் இறங்கும். அதில் எரிந்த பிரைமரின் ஈயம் இருக்கிறது. இந்தக் கூடுகளை மக்காச்சோளத் தக்கைப் பொடியோடோ வால்நட் ஓட்டுப் பொடியோடோ சேர்த்து, அதிரும் இயந்திரத்தில் மணிக்கணக்கில் போட்டு மெருகேற்றுகிறார்கள். கூடு பளபளவென்று வெளியே வரும், அதிலிருந்த ஈயமெல்லாம் அந்தப் பொடிக்குப் போயிருக்கும். பத்துத் தடவை பயன்படுத்திய பொடியில் பத்துத் தடவையின் ஈயம். மூடியைத் திறந்து சல்லடையில் கொட்டிச் சலிக்கும் நேரத்தில் ஜன்னல் வெயில் குறுக்கே விழுந்தால், காற்றில் மெல்லிய திரை மாதிரி ஒன்று ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள்தான், நுரையீரலுக்குள் இறங்குவது அதற்குள் மறைந்திருக்கிறது. இதைச் சமையலறையிலோ குழந்தை தவழும் அறையிலோ செய்கிறவர்களை நினைத்தால் உண்மையிலேயே வயிறு கலங்குகிறது.

உள்ளே போனதும் ஈயம் கால்சியம் மாதிரி நடிக்கிறது. கால்சியத்துக்காகத் திறக்கும் வழிகளில் இதுவும் நுழைந்துவிடும். இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருளை உடம்பு தயாரிக்கும்போது நடுவில் வேலைசெய்யும் நொதிகளைக் கெடுக்கிறது. இரத்த அழுத்தம், சிறுநீரகம், நரம்பு, விந்தணு என்று பலவற்றிலும் கை வைக்கிறது. அறிகுறிகளோ சோர்வு, எரிச்சல், தூக்கக் கெடுதி, மூட்டுவலி, மலச்சிக்கல். எல்லாமே வேறு ஏதோ காரணத்தால் வந்தது போலத் தெரிவதால் யாருக்கும் ஈயத்தின் மேல் சந்தேகம் வராது. இரத்தத்தில் கலந்தது ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் தங்குகிறது, அங்கே அது பல பத்தாண்டுகள் இருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பு கால்சியத்தை விடுவிக்கும்போது கூடவே ஈயமும் வெளியே வந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும்.

எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும்? அமெரிக்காவில் 3.5 மைக்ரோகிராமை வைத்துப் பார்க்கிறார்கள், அதுவும் ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி இரத்தத்துக்கு. உடம்பில் ஐந்து லிட்டர் இரத்தம் என்று கணக்குப் போட்டால் மொத்தமே 175 மைக்ரோகிராம், ஒரேயொரு சீனித் துகளின் எடையில் பாதிகூட வராது. 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, சுடுபவர்களின் இரத்தத்தைச் சோதித்த 36 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. அதில் 31 ஆய்வுகளில் சிலருக்காவது 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது, 15 ஆய்வுகளில் 40ஐயும் தாண்டியது.

இதைத் தடுப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. கூடுகளைத் தண்ணீரில் போட்டுக் கழுவும் முறைக்கு மாறினால் தூசி எழாது (அந்தத் தண்ணீரிலும் ஈயம் இருக்கும், பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றக்கூடாது). பொடிதான் பயன்படுத்துவேன் என்றால் சலிப்பதை வீட்டுக்கு வெளியே, தகுந்த முகக்கவசத்தோடு செய்யுங்கள். சாதாரண சோப்பு ஈயத்தை முழுவதும் எடுப்பதில்லை, அதற்கென்றே துடைப்புத்தாள்கள் விற்கிறார்கள். மேஜையில் தண்ணீர் பாட்டில், தின்பண்டம், சிகரெட் எதுவும் வேண்டாம். சுடப் போட்டுக்கொண்டு போன சட்டையையும் செருப்பையும் வீட்டுக்குள் கொண்டுவராமல் தனியாகத் துவையுங்கள், ஏனென்றால் விழுங்கும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், சின்னக் குழந்தைகளின் உடம்பு பாதிவரை எடுத்துக்கொள்ளும். ஈயமில்லாத பிரைமரும் அடிப்பக்கம் முழுவதும் மூடிய குண்டும் கிடைக்கின்றன, முடிந்தால் அவற்றுக்கு மாறலாம்.

இரத்தப் பரிசோதனையை நரம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் ஈயமும் சேர்ந்து தவறான கணக்கு வரலாம், அதுவும் முந்தின நாள் கூடு சலித்த கையாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அளவு கூடுதலாக வந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, வேலையை நிறுத்தி, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். இறங்கியிருக்கும். இறங்கவில்லையென்றால் பெரும்பாலும் தூசி இன்னும் எங்கிருந்தோ வருகிறது, முதலில் தேட வேண்டியது கூடு சலிக்கும் அறையின் கம்பளத்தில்.