மெம்பரேன்: சவ்வா, படலமா?

‘நீர்ப்புகா சவ்வு’. பெயிண்ட் கடைகளில் தரும் விளம்பரத் தாளிலும், கோட்டிங் வாளிகளின் மேலும், வீடு கட்டுவோருக்கான தமிழ்க் குறிப்புகளிலும் வாட்டர்ப்ரூஃபிங் மெம்பரேனுக்கு இந்தப் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மொட்டை மாடி வேலை செய்யும் எந்தக் கொத்தனாரும் இப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு ஷீட் உண்டு, கோட்டிங் உண்டு. சவ்வு என்றால் கறிக்கடைதான் அவர்களுக்கு நினைவுக்கு வரும்.

சொல்லின் வேர் சிக்கலானதல்ல. லத்தீனில் மெம்ப்ரம் என்றால் உடலுறுப்பு. உறுப்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் மெம்ப்ரானா. எழுதுவதற்காகப் பதப்படுத்திய விலங்குத் தோலையும் அப்படியே அழைத்தார்கள். கட்டடத் துறையில் மெம்பரேன் என்பது, தண்ணீர் வரும் பக்கத்தில் இடைவெளி விடாமல் விரிக்கும் அல்லது பூசும், கட்டடத்தோடு சேர்ந்து சற்று நீண்டு கொடுக்கும் மெல்லிய அடுக்கு.

உயிரியலுக்குச் சவ்வு சரி: செல் சவ்வு, பிளாஸ்மா சவ்வு. ஆனால் அதே பள்ளிப் பாடத்தில் ஆஸ்மாசிஸுக்கு என்ன பெயர் வைத்தோம்? சவ்வூடு பரவல். சவ்வின் ஊடாகத் தண்ணீர் பரவுவது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த கடல்நீர்க் குடிநீர் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனில் கட்டப்பட்டது. அது நடப்பது எதிர் சவ்வூடு பரவலால், அதாவது ஆர்.ஓ. முறையால். அங்கே சவ்வு உப்பை நிறுத்தித் தண்ணீரை விடுகிறது. வீட்டில் ஆர்.ஓ. எந்திரம் வைத்திருப்பவருக்கும் சவ்வு என்றால் தண்ணீர் புகுந்து வெளிவரும் பொருள்தான். அந்தச் சொல்லின் முன்னால் ‘நீர் புகா’ என்று ஒட்டினால், படிப்பவர் மனத்தில் ஒரு சொல் மற்றதை அழித்துவிடுகிறது. ஒரு துறையில் நீரை விடும் பொருளுக்கும் இன்னொரு துறையில் நீரைத் தடுக்கும் பொருளுக்கும் ஒரே பெயர் வைப்பதை ஆங்கிலம் பொறுத்துக்கொள்ளலாம். புதிதாகச் சொல் ஆக்கும் நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்?

புணர்ச்சியும் இரண்டு இடத்தில் தவறு. புகாதது நீர், அது எழுவாய். ஆகவே ‘நீர் புகா’ என்பதில் ப் மிகாது. புகா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதன் பின் வல்லினம் மிகும். அந்தச் சொல்லை எழுதியே தீர வேண்டுமானால் ‘நீர் புகாச் சவ்வு’ என்றுதான் எழுத வேண்டும். வேண்டாத இடத்தில் ஒற்றைப் போட்டு, வேண்டிய இடத்தில் விட்டிருக்கிறார்கள்.

சவ்வுக்காக வாதாடுவோர் சொல்வதில் ஒன்று நியாயம். சவ்வு இழுத்தால் நீளும், சவ்வு மிட்டாய் போல. மெம்பரேனும் நீள வேண்டும். மே மாத வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில் விரிசல் திறந்து மூடும். நீளாத பூச்சு அந்த இடத்திலேயே கிழியும். பாலியூரிதேன் பூச்சு பல நூறு விழுக்காடு நீளும். சிமென்ட் கலந்த அக்ரிலிக் பூச்சு அதில் சிறு பங்கே நீளும். ஆனால் நீளும் தன்மை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல என்பதால்தான் அதைப் பெயரில் ஏற்றக் கூடாது. எல்லா மெம்பரேனுக்கும் பொதுவானது தடுப்பு.

தடுக்கும் மெல்லிய அடுக்குக்கு எல்லாரும் அறிந்த சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஓசோன் படலம். புற ஊதாக் கதிரைத் தடுப்பது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணில் படலம் விழுந்தது என்கிறோம், பார்வை மறைகிறது. படலம் வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் தள்ளுவார்கள். வடமொழியில் படல என்பதற்குக் கூரை என்றும் பொருள் உண்டு. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தம் வேண்டுமா? தூய்மைக்காகத் தெளிவைக் கைவிட எனக்கு மனமில்லை. ‘மென்தகடு’ என்றும் ஓர் ஆக்கம் உலவுகிறது. தகடு என்றதும் தகரம்தான் தெரிகிறது. அதைச் சுருட்ட முடியும் என்றுகூடத் தோன்றாது.

ஆகவே நீர்த்தடுப்புப் படலம். சுருளாக வருவது விரிபடலம், வாளியில் வருவது பூசுபடலம். இரண்டையும் சவ்வு என்றே எழுதுவதால்தான் ‘சவ்வை 4 மி.மீ. தடிமனில் பூசவும்’ போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. 4 மி.மீ. என்பது தீ உமிழும் டார்ச் வைத்து ஒட்டும் ஏ.பி.பி. விரிபடலத்தின், அதாவது பிளாஸ்டிக் கலந்த தார் ஷீட்டின் கனம், அதைப் பூச முடியாது. பூசுபடலமோ பாலியூரிதேனாக இருந்தால் இரண்டு கோட்டில் காய்ந்த கனம் 1.5 மி.மீ. அளவில் நிற்கும்.

எதை எங்கே என்று திட்டமிடவும் இந்தப் பிரிவு வேண்டும். திறந்த, பெரிய மொட்டை மாடிக்கு விரிபடலம் ஏற்றது; கனம் ஆலையிலேயே உறுதியாகிவிடுகிறது. சுருள் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். பக்க ஓரம் 100 மி.மீ., முனை 150 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். சுருளின் நடுவில் பெரும்பாலும் ஒழுகாது. இந்த ஓரங்களில்தான் ஒழுகும். கழிவறையில் குழாய்களும் மூலைகளும் நிறைய, அங்கே விரிபடலத்தை வெட்டி வெட்டி ஒட்டினால் எல்லாமே ஓரமாகிவிடும். அங்கே பூசுபடலம்.

எதுவானாலும் முதலில் வாட்டம், தண்ணீர் வடியத் தளத்துக்குத் தரும் சரிவு. 100-க்கு 1, அதாவது 10 அடிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம். இந்த அருமையான கொத்தனார் சொல்லை விட்டுவிட்டு ‘சாய்வு விகிதக் கோணம்’ என்று எழுதுகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைச் சிமென்ட் கலவையால் மழுக்கி, படலத்தைச் சுவரில் 300 மி.மீ. ஏற்றி, அங்கே காடி (நீளப் பள்ளம்) வெட்டி அதற்குள் செருகி அடைக்க வேண்டும். மழைநீர்க் குழாயின் வாய்க்குள்ளும் இறக்க வேண்டும். பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே தட்டோடு. ஐப்பசி மழை தொடங்கிய பின் ஈரத் தளத்தில் ஒட்டினால், வெயில் வந்ததும் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கொப்புளம் எழும்.

‘ஈரப்பத ஊடுருவல்’ என்பதும் வேண்டாத ஆக்கமே. ஓதம் என்று சொன்னால் முடிந்தது. பழைய பாட்டில் கடல் அலைக்கும் ஓதம் என்று பெயர். சென்னைக் கடலோரக் காசிமேட்டில் இரண்டு ஓதமும் அருகருகே இருக்கின்றன. அங்கே சுவர் உப்புப் பூத்து உதிர்வது அடியிலிருந்து ஏறும் ஓதத்தால். அதற்கு மாடியில் எத்தனை கோட் அடித்தாலும் பயனில்லை. அடித்தளத்தில் ஓதத்தடுப்பு அடுக்கு வேண்டும்.

சவ்வு என்ற சொல்லை முற்றிலும் விலக்கவும் தேவையில்லை. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்னும் நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்ட தளம் இருக்கும். அது மூச்சு விடும் தளம். அதன்மேல் தார் ஷீட்டை டார்ச் வைத்து ஒட்டினால், உள்ளிருக்கும் ஈரம் மேலே போக வழியின்றி உத்தரத்தை உளுக்கச் செய்யும். நீர்த்துளியை நிறுத்தி ஆவியை விடும் மெம்பரேன் வகை ஒன்று உண்டு. ஒன்றை நிறுத்தி ஒன்றை விடுகிற அதை மட்டும் ‘ஆவி விடு சவ்வு’ என்று எழுதுங்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு முழு உரிமை இருக்கிறது.